மணிக்கை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய வரும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ரகரமும் றகரமும் இன்றைக்கும் எனக்கு இடம் மாறிப்போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை எட்டு வருஷமாகச் சொல்ல முடியாமல்தான் இந்த நோட்டை வாங்கினேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் சோறு வராமல் போனால், கேட்காமல் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இது என் அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றியது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மச்சான். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த வருஷம் என்னை வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அப்போது எனக்கு இருபது வயது. கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ரேஷன் கடையிலும் ஷிப்ட் ஆபீஸிலும் எனக்காகப் பேசுகிற வாய் அவருடையது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் நான் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் தாய்மாமன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மாப்பிள்ள ஊமை இல்லீங்க. பேச்ச சேத்து வெச்சிகினு கீறான். அத்தனையும் உங்க பொண்ணுக்குத்தான்" என்று மாமா சொன்னார். வீடே சிரித்தது. அந்தப் பெண்தான் இன்று என் மனைவி.

மாமாவுக்கு ஆழத்தில் ஒரு லெவலில், அதாவது பக்கவாட்டில் வெட்டிய ஒரு அடுக்கில், மணி இழுக்கிற வேலை. பெல்மேன் என்போம். நான் அதே லெவலில் கல் ஏற்றிய டிராலி தள்ளுகிறவன். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். மேலே இன்ஜினை ஓட்டுகிறவருக்கு, பூமிக்கடியில் அந்தக் கூண்டில் யார் ஏறுகிறார்கள், கதவு மூடியதா இல்லையா என்று எதுவும் தெரியாது. அவருக்குக் கேட்பது மணி ஒன்றுதான். மூன்று மணி அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள். அப்புறம் ஒரு மணி அடித்தால் மேலே இழு. ஓடிக்கொண்டிருக்கும் கேஜுக்கு அதே ஒரு மணி என்றால் நிறுத்து. இவ்வளவுதான். ஆனால் ஒரு இழுப்பு கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் ஆள் போய்விடும். மாமா பதினெட்டு வருஷத்தில் ஒரு மணியைத் தப்பாக இழுத்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமையை அவர் வெளியே சொல்ல மாட்டார். ஷிப்ட் முடிந்து கேஜில் ஏறும்போது ஆட்கள் அவர் தோளைத் தொட்டுவிட்டு ஏறுவார்கள். அது போதும் அவருக்கு.

நாள் முழுக்க அந்த இரும்புப் பிடியை இழுக்கிறவர்களுக்குத் தோளில் ஒரு வலி வரும். சிலருக்கு வேலை முடிந்த பிறகும் கை தானாக ஒரு துள்ளு துள்ளும். அதற்கு எங்கள் ஷாஃப்டில் மணிக்கை என்று பேர். அதற்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துக்கொள்வார்கள். சிலர் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வதும் உண்டு.

1969 கார்த்திகை மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இரண்டு குடும்பமும் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். களி, கருவாட்டுக் குழம்பு. மாமா களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாயருகே கொண்டு போனார். திடீரென்று வலது கை முழங்கையோடு மேலே வெட்டி இழுத்தது. வலது கன்னமும் கூடவே ஒரு பக்கமாகச் சுருங்கி இழுத்தது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். களி போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"இன்னாய்யா இது, களிய கேஜ்ல ஏத்தி மேல அனுப்புறியா?" என்றாள் அக்கா.

"ஷிப்டு முடிஞ்சிட்ச்சிமே. அது கையிக்குத் தெரியல" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். சுவரில் ஒட்டியதை அவரே எடுத்துக் கோழிக்குப் போட்டார். "மணிக்கைடா மச்சான். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் எனக்கும் வந்துட்ச்சி பாரு."

அது அன்றோடு நிற்கவில்லை. நாளைக்கு நாலு தடவை வந்தது பத்தாகி, தை பிறப்பதற்குள் எண்ண முடியாமல் போயிற்று. டீக்கடையில் இரண்டு கண்ணாடி கிளாஸ் உடைந்தது. கடைக்காரர், "பெல்மேனுக்கு அலுமினிய லோட்டாவுல குடுப்பா, என் பொழப்பு கெட்டுப்போவுது" என்று கத்துவார். மாமாவைப் பார்த்ததும், "யார மேல ஏத்துறீங்க இன்னிக்கி?" என்று லைனில் உள்ள பெண்கள்கூடக் கேட்பார்கள். அவரும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். அக்கா தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மணி இழுக்கிற கை துள்ளட்டும். மணி இழுக்காத கன்னம் ஏன் துள்ள வேண்டும்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஷிப்ட் முடிந்து லெவலில் ஆட்கள் கேஜில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை ஏறலாம் என்று நான் மாமா பக்கத்தில் நின்றிருந்தேன். மாமா மூன்று மணி அடித்துவிட்டு, பிடியில் கையை வைத்தபடி கடைசி ஆள் ஏறுவதற்காகக் காத்திருந்தார். அந்த ஆள் ஒரு காலை உள்ளே வைத்தான். இன்னொரு கால் வெளியே இருந்தது. மாமாவின் கை வெட்டி இழுத்தது. மணி ஒன்று விழுந்துவிட்டது.

கேஜ் எழும்பியது. உள்ளே இருந்தவர்கள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவன் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு ஷாஃப்டுக்குள் விழுந்தது. அது சுவரில் மோதி மோதிக் கீழே போகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அதற்குள் மாமா இடது கையால் பாய்ந்து பிடியை இழுத்து இன்னொரு மணி அடித்துவிட்டார். கேஜ் நின்றது.

பிறகு உள்ளே இருந்து ஒரு குரல், "இன்னா பெல்மேன், வூட்ல கறிக்கொழம்பா? அவ்ளோ அவசரம்?" என்றது. தூக்கைப் பறிகொடுத்தவன், "என் தூக்கு கீழ் லெவலுக்கு டூட்டிக்குப் பூட்ச்சிபா" என்றான். உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது. கேஜே ஆடும்படி சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் முகம் ஈயம் பூசின மாதிரி இருந்தது.

மேலே வந்து, தங்கம் ஒளித்திருக்கிறோமா என்ற சோதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, தங்கம் எடுத்தபின் மிஞ்சும் கல்மாவைக் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கம் அவர் நின்றார். காற்றில் வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது.

"மச்சான், இத்த மேல யாரண்டயும் சொல்லாத."

"டாக்டராண்ட காட்டலாம் மாமா."

"காட்னா? வலிப்புன்னு ஒரு வார்த்த எழுதிட்டான்னா அப்பறம் என்ன கீழ எறக்குவாங்களா? மேல ஏதாச்சும் ஷெட்ல தொடப்பம் குடுத்து ஒக்கார வெப்பாங்க. நான் ரைட்டு கையால தொடமாட்டேன். லெஃப்டாலதான் இழுப்பேன். நீ பக்கத்துல நில்லு. போதும்."

நான் தலையாட்டினேன். மறுநாளிலிருந்து அவர் வலது கையைத் துண்டால் இடுப்புப் பட்டையோடு கட்டிக்கொண்டார். ஷிப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் நான் அவர் வலப்பக்கம் ஒட்டி நிற்பேன். "இன்னாய்யா, ரைட்டு கை லீவா?" என்று மேஸ்திரி கேட்டார். "தோள்ல மணிக்கை சாமி" என்றார் மாமா. மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். கேஜில் ஏறிய அத்தனை பேர் உயிரையும் வைத்து நாங்கள் அந்த விளையாட்டை ஆடினோம். தப்பு என்று அப்போதும் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பங்காருபேட்டைச் சந்தைக்குப் போக கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தோம். மாமாவும் நானும் மட்டும். என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்த கண் என்னைப் பார்க்கவில்லை. அப்படியே மரம்போல் விழுந்தார். உடம்பு முழுக்க விறைத்து உதறியது. வாயோரம் ரத்தமும் நுரையும் வந்தது. கூட்டம் கூடிவிட்டது. "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று எல்லோரும் கத்தினார்கள். யாரோ ஒரு சைக்கிள் செயினைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் திணித்தார்கள். வேட்டியெல்லாம் கிரீஸ் ஆயிற்று. அவருக்கு உதறல் நின்றும் நினைவு சரியாகத் திரும்பவில்லை. ஒரு ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையான மனிதர். மாமாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார். மாமா அரைத் தூக்கத்தில் கிடந்தார். இடுப்பு வரைக்கும் கம்பளி போர்த்தியிருந்தது.

"நீ யாருப்பா?"

"மச்சினன் சார்."

"வலிப்பு ஒரு தடவை வந்தது மறுபடி வராமலும் போகலாம். மாத்திரை தரேன். ஒரு மாசம் வீட்ல இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுக்கு முன்னாடி ஏதாவது இருந்துதா? கை இழுக்கறது, மூஞ்சி கோணறது, திடீர்னு நினைவு தப்பறது? இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். இங்க வெச்சுப் பாக்கற விஷயம் இல்ல அது."

அவர் கேட்டுவிட்டுச் சீட்டு எழுதக் குனிந்தார். அந்த நேரம் கம்பளிக்கடியில் மாமாவின் வலது கை துள்ளியது. நான் அந்தக் கையை என் இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டேன்.

"இல்லீங்க சார்" என்றேன்.

வாழ்க்கையில் நான் தடுமாறாமல் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்று.

சுரங்கத்துக்குள் மாமாவுக்கு இருந்த வேலை போகக் கூடாது என்றுதான் சொன்னேன். அவருக்குக் கொடுத்த வார்த்தை என்றுதான் சொன்னேன். அதெல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை. அவர் இல்லாத லெவலில் நான் யாரிடம் பேசுவேன், எனக்காக யார் பேசுவார்கள் என்ற பயமும் அந்த வார்த்தையில் இருந்தது. சேதி கேட்டு ஓடிவந்த அக்கா அப்போது வெளியே வராந்தாவில் இருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

மாத்திரை சாப்பிட்டார். பெரிய வலிப்பு திரும்ப வரவில்லை. கைத்துள்ளல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வேறு ஒன்றும் ஆரம்பித்தது.

ஒருநாள் காலை குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவர் காலிக் குடத்தோடு பின்வரிசை லைனுக்குப் போய், அங்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். லைன் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. யாருக்கும் ஒரு தடவை வீடு மாறும். அந்த வீட்டுப் பெண், "இன்னாண்ணா, வூடு மாறிட்ச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். "என் வூட்ல ஒனக்கு இன்னாமே வேல?" என்று மாமா எழுந்து கத்தினாராம். அன்று சாயங்காலம் லைன் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. இரண்டாம் தடவை சிரிப்பு குறைந்தது. மூன்றாம் தடவை கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, "இன்னும் சோறு போடலியா?" என்பார். ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் இருபது தடவை கேட்பார். ராத்திரி தூக்கமே இல்லை என்று அக்கா சொன்னாள். யாரிடமும் அதட்டிப் பேசாதவர், அக்காவின் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். ஒருநாள் அவளை உற்றுப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். நானும் எல்லாவற்றுக்கும் கூட நின்றேன். அந்த டாக்டரிடம் ஓடிப்போய், சார், நான் அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒருநாள் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேன். அங்கே வரிசையில் தெரிந்தவர்கள் நின்றிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். இப்படி ஏழு வாரம் போயிற்று.

கடைசியில் அக்காதான் முடிவு எடுத்தாள். "இது பேயும் இல்ல பிசாசும் இல்ல. ரயிலேறிப் போவலாம், கெளம்புடா" என்றாள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க மாமா, "எங்க போறோம் மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொன்னேன்.

அங்கே பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். அவர் மாமாவிடம் எதுவும் கேட்காமல், எதிரில் ஸ்டூலைப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாமாவின் கை எத்தனை தடவை இழுக்கிறது என்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டார்.

"இது எப்பத்திலேர்ந்து?"

"அது மணிக்கைங்கம்மா. வேலையால வந்தது. அத வுடுங்க, புத்திதான் பிசகிப்போச்சி" என்றாள் அக்கா. மணிக்கை என்றால் என்ன என்று டாக்டர் கேட்க, அக்கா தன் கையைத் தூக்கி மணி இழுத்துக் காட்டினாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"கூடவே கன்னமும் இழுக்குதே. கன்னத்தாலயாம்மா மணி அடிப்பார்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கார்த்திகையிலேர்ந்துங்கம்மா. அப்பவே கன்னமும் இழுத்தது" என்றேன்.

"அஞ்சு மாசம்" என்று எழுதிக்கொண்டார். "முதல்ல பாத்த டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "அவரு எங்கம்மா கேட்டாரு? கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டோமா?" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தில் உப்புச் சத்து மிகவும் குறைந்திருக்கிறது என்றார். அக்கா பதறிப்போனாள்.

"நான் உப்பு கம்மியா போடறவ இல்லீங்கம்மா. அவருக்கு எல்லாம் தூக்கலா இருக்கணும். வேணும்னா இவனக் கேளுங்க."

"உங்க சமையல் இல்லம்மா. மூளையில வர்ற கோளாறு உப்பையும் கெடுக்கும்" என்றார் டாக்டர். அக்கா நம்பவில்லை. அன்றைக்கு ஆரம்பித்து அவள் குழம்பில் ஒரு கை உப்பு கூடவே விழும். யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிடுவோம்.

டாக்டர் சொன்ன மற்றதை என்னால் முடிந்த மட்டும் எழுதுகிறேன். கை துள்ளியது கைக்கு வந்த கோளாறு இல்லை. அதுவே வலிப்புதான். சின்ன வலிப்பு. ஸ்டேஷனில் வந்தது பெரியது. மறதியும் கோபமும் அதற்குப் பின்னால் வந்தவை. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. மூளையின் உள்பக்கத்தில் வீக்கம். காய்ச்சலால் வருகிற வீக்கம் என்றால் கிருமி இருக்க வேண்டும். தேடியும் கிருமி இல்லை.

"நம்ம உடம்புக்குள்ள கிருமியத் துரத்தற காவல் ஒண்ணு இருக்கு. அந்தக் காவலே ஆள் தெரியாம நம்ம மூளைமேல பாஞ்சா இப்படி ஆகலாம்னு எனக்குத் தோணுது. தோணுதுன்னுதான் சொல்றேன். நிச்சயமா சொல்ற அளவுக்கு எங்களுக்கே இன்னும் தெரியாது. வீக்கம் வடியறதுக்கு ஒரு மருந்து போட்டுப் பாக்கறேன்."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டாள் அக்கா.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "கை மட்டும் இழுத்திட்டிருந்தப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதும்மா" என்றார்.

ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாள் கைத்துள்ளல் ஒரே ஒரு தடவை வந்தது. பத்தாம் நாள் வரவேயில்லை. அக்கா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் திரும்பியது. கோபம் போயிற்று. அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வார்டே எங்களோடு சேர்ந்து சந்தோஷப்பட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எங்களுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

ஆனால் நினைவு திரும்பவில்லை. போன ஏழெட்டு வருஷம் அவருக்குள் இல்லவே இல்லை. புதிதாக எதைச் சொன்னாலும் கால் மணி நேரம்கூட நிற்காது. போனது இனி வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதி அவரை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எதற்காகப் பயந்தோமோ அது எப்படியும் வந்தது. தினமும் சங்கு ஊதினதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். "இன்னிக்கி லீவு மாமா" என்பேன். "அப்படியா, நல்லதாப் போச்சி" என்று கழற்றிவிடுவார். அடுத்த சங்குக்கு மறுபடி மாட்டுவார். சிரிக்கவைக்கும் பேச்சு மட்டும் போகவில்லை. பழைய வேடிக்கைகளையே புதிதுபோல் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவருக்குச் சவரம் செய்துவிடுவேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கடைக்குப் போயிருந்தாள். சோப்புப் போட்ட முகத்தோடு அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டதை, நான் இல்லை என்றதை, கையை அழுத்திப் பிடித்ததை. அவர் முழுக்கக் கேட்டார்.

"வுடு மச்சான். சொல்லாதன்னு சொன்னவன் நான்தானே" என்றார். அவருக்குச் சயனைடு மேட்டில் நின்றது நினைவில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அப்படிச் சொன்னார். ஆனாலும் எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. அன்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அவருக்கு அது நினைவில் இல்லை. எனக்கோ அந்த வார்த்தையை மறுபடி கேட்க வேண்டும் போல இருந்தது. திரும்பவும் சொன்னேன். "அப்படியா? சொல்லியிருந்தா நான் நல்லா ஆயிருப்பனா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மூன்றாம் தடவை சொன்னபோது என் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். கன்னத்தில் கத்தி லேசாகக் கீறிவிட்டது. "நான்தான் மயக்கத்துல கெடந்தேன். ஒன் வாய்க்கி இன்னாடா வந்துது? எனக்கோசரம் நீ ஒரு வார்த்த பேசக் கூடாதா?" என்று கத்தினார். நான் தரையைப் பார்த்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் தடவி, ரத்தத்தைப் பார்த்து, "இன்னா மச்சான், கைய வெட்டிகினியா? ஏன் அழுவுற?" என்றார்.

அதோடு அவரிடம் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு வாரம் மன்னிப்பு, ஒரு வாரம் கேள்வி, ஒரு வாரம் அடி. எது நிலைக்கும் என்று நான் எடுத்துக்கொள்வது? மறக்கிறவரிடம் சொல்லி என் பாரத்தை மட்டும் இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

போன பங்குனியில் மாமா காய்ச்சலில் படுத்து ஒன்பது நாளில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அக்கா ஒன்றையே சொல்லி அழுதாள். "அந்த டாக்டரு அன்னிக்கே கையைப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருந்தா என் புருஷன் இப்படி ஆயிருப்பானா? கேக்கலியே பாவி, கேக்கலியே." எட்டு வருஷமாக அவள் அந்த டாக்டரைத் திட்டுகிறாள். அவர் மாற்றலாகி எந்த ஊருக்கோ போய்விட்டார். கேட்டவர் அவர். நான்தான் இல்லை என்று சொன்னவன். இது தெரிந்த இன்னொருவர் மாமா. அவருக்கும் தெரியாமலே போயிற்று.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஓடிவிட முடியாது. நானேதான் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதியில் நின்றுவிடும். படிக்க ஆரம்பித்தால், மேலே படிடா என்று அவள் விடமாட்டாள். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். நாளைக்குக் காலையில் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னாலும் அவள் அதை மறக்கிறவள் இல்லை.

12-8-1978, சனிக்கிழமை.